கடற்கரையில் மீன் வாங்க வரும் சென்னைவாசிகளுக்கு

அன்புள்ள சென்னைவாசிகளே,

ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டுக்கும் நொச்சிக்குப்பத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் பையோடு வருகிறவர்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தரும் செயலிகள் இருக்கும்போதும் தூக்கத்தை விட்டுக் கரை வரை வருகிறீர்கள். நல்ல மீன் வேண்டும், அதைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்ற அக்கறை இல்லாதவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். அந்த அக்கறையை நம்பி ஒன்றைக் கேட்கிறேன். என்ன மீன் வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு வராதீர்கள். அன்றைக்கு நம் கடலிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று விசாரித்து, அதை வாங்குங்கள்.

கூடையில் என்ன இருந்தாலும் அதைப் பார்ப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிடுகிறது. வஞ்சிரம் இருக்கா, வவ்வா இருக்கா, எறா என்ன ரேட்டு. இந்த மூன்றையும் தாண்டிக் கேட்பவர்கள் குறைவு. "வஞ்சரம் இல்லீங்க, கிழங்கான் கீது, இப்பதான் கரைக்கு வந்துது" என்று அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள் கால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறது. அவர் பலகையில் இருப்பது விடியற்காலையில் பிடித்த மீன். அடுத்த கடையில் நீங்கள் வாங்கப்போகும் வஞ்சிரம் எந்தக் கடலில், எந்த நாளில் பிடித்தது என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் பல நேரம் தெரியாது.

நம் கடலிலும் வஞ்சிரம் கிடைக்கிறது. ஒரு பெருநகரம் முழுவதும் வாரம் தவறாமல் கேட்கிற அளவுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். குறைகிறதை வெளி மாநிலங்களிலிருந்து வரும் லாரிகளும் குளிர்பதனக் கிடங்குகளும் ஈடுகட்டுகின்றன. அதைவிட எனக்குக் கவலை தருவது, துண்டு போட வேண்டிய தேவையே இல்லாத சின்ன வஞ்சிரங்கள் கரைக்கு வருவது. உடம்பில் குறுக்குக் கோடு ஓடும் வஞ்சிரம் ஏறக்குறைய முக்கால் மீட்டர் நீளத்துக்கு வளர்ந்த பிறகுதான் முட்டையிடும். முழங்கை நீளத்தில் பலகைக்கு வருவது ஒரு முறைகூட முட்டையிடாத மீன். "ரெண்டு பேருக்கு இது போதும்" என்று அதை வாங்கும்போது, இரண்டு வருடம் கழித்துப் பிடிக்க வேண்டிய மீன்களையும் சேர்த்தே வாங்கிவிடுகிறோம். கேரளத்தில் மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து, அதற்கும் சிறியதைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மத்திக்கு 10 செ.மீ., அயலைக்கு 14 செ.மீ. என்று மீனுக்கு மீன் அளவு குறித்திருக்கிறார்கள். இங்கே வாங்குகிறவர்கள் கைதான் முதலில் பின்வாங்க வேண்டும்.

இனி, புதிய மீன் என்கிறோமே, அதைப் பற்றி. காசிமேட்டில் நடுநிசி தாண்டியதும் ஏலம் தொடங்கிவிடும். படகு அணைந்து, கூடை இறங்கி, ஐஸ் நொறுங்கும் சத்தத்தோடு மீன் வெளியே வருவதைப் பார்த்தால் எல்லாமே அன்றைக்குப் பிடித்ததாகத்தான் தோன்றும். ஆனால் விசைப்படகு ஒரு முறை கடலுக்குப் போனால் ஒரு வாரம், பத்து நாள், சமயத்தில் அதற்கு மேலும் தங்கித்தான் திரும்பும். போன முதல் நாள் மாட்டிய மீனும் திரும்பும் நாள் மாட்டிய மீனும் ஒரே காலையில்தான் கரையிறங்குகின்றன. இரண்டையுமே "இன்னிக்கு வந்தது" என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. மீன் அளவுக்குச் சமமாக ஐஸ் போட்டு ஒழுங்காக அடுக்கியிருந்தால் ஒரு வாரத்து மீனும் சாப்பிடத் தக்கதாகவே இருக்கும். விசைப்படகுத் தொழிலாளிகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கரைக்கு வந்து வாங்குகிற நீங்கள் தேடுவது இதையல்ல.

நீங்கள் தேடுவது ஃபைபர் போட்டில் வருகிறது. நாலைந்து பேர் விடிவதற்கு முன்பே கிளம்பி, கரையிலிருந்து அதிக தூரம் போகாமல் வலை விட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிற சின்னப் படகு. சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தில் பெரும்பாலும் இவைதான் வந்து நிற்கின்றன. நொச்சிக்குப்பத்து மணலில் அவை ஏறும் நேரத்தில் ஒரு முறை போய் நின்று பாருங்கள். வலையை அப்படியே மணலில் இறக்கி, வீட்டு ஆட்கள் சுற்றி உட்கார்ந்து மீனைக் கழற்றுவார்கள். கண்ணியில் மாட்டிய கவலை மீனைச் செவுள் கிழியாமல், செதில் உதிராமல் கட்டைவிரலால் தள்ளி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நண்டு மாட்டியிருந்தால் இன்னும் நிதானம். கால் உடைந்த நண்டுக்கு விலை இறங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு காலாக விடுவிப்பார்கள். கழற்றிய மீனை இனம் பிரித்து அங்கேயே கூறு போடுவார்கள். அந்தக் கூறுக்கும் கடலுக்கும் நடுவில் சில மணி நேரம்தான்.

எது எந்தப் படகு மீன் என்று கேட்டால் சொல்வார்கள். "இது விசைப்படகு மீனா, ஃபைபர் மீனா?" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர் என்று தெரிந்தாலே பேச்சு மாறும். அதோடு உங்கள் கண்ணையும் விரலையும் நம்புங்கள். செவுளைத் தூக்கினால் ஈரமான ரத்தச் சிவப்பு இருக்க வேண்டும். பழுப்பேறிப் பிசுபிசுத்தால் விட்டுவிடுங்கள். கண் வெளியே குவிந்து கருமணி பளிச்சென்று இருக்க வேண்டும், உள்ளே இறங்கிப் பால் படர்ந்தது நாள்பட்டது. சதையில் விரலை அழுத்தி எடுத்தால் குழி நிற்கக் கூடாது. தலையைப் பிடித்துத் தூக்கும்போது உடம்பு தொங்காமல் விறைப்பாக நின்றால் அது மிகச் சமீபத்து மீன். கவலை, மத்தி போன்ற சின்ன மீன்களுக்கு முதலில் வயிற்றைப் பாருங்கள், அவற்றில் கெடுவது வயிற்றிலிருந்துதான் தொடங்கும். கடம்பாவைத் தெரிந்துகொள்வது இன்னும் எளிது, அதைப் பார்ப்பது ஓர் ஆனந்தமும்கூட. பிடித்துச் சற்று நேரமே ஆன கடம்பாவின் தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். விரல் வைத்தால் வைத்த இடத்தில் நிறம் ஓடும். அப்படி ஒன்றைக் கண்டால் வேறு எதையும் பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவை உங்கள் பட்டியலில் இல்லாத மீன்கள் என்பது எனக்குத் தெரியும். முள் என்பீர்கள், சுத்தம் செய்ய நேரமில்லை என்பீர்கள். முள்ளுக்குப் பயந்தால் கிழங்கானில் தொடங்குங்கள். வெள்ளைச் சதை, நடுமுள்ளை உருவினால் தட்டில் வெறும் சதைதான். குழந்தைக்கும் காய்ச்சல்காரருக்கும் கொடுக்கிற மீன் அது. நெத்திலிக்குக் கத்தியே வேண்டாம், தலையைக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும். காரப்பொடியைக் கண்டால் பூண்டைத் தாராளமாகப் போட்டு, புளியைக் குறைத்துக் குழம்பு வையுங்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் ஊற இந்தக் கரையில் காலங்காலமாகக் கொடுத்து வருவது. பால் சுறாவைத் தேடி அலைகிற வீடுகளுக்கும் இதையே சொல்வேன். சுறாக்கள் ஒரு ஈற்றுக்குச் சில குட்டிகளே போடுகிறவை, அவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அதே பத்தியத்துக்குக் காரப்பொடி இருக்கும்போது சுறாவை விட்டுவிடலாம். கானாங்கத்தையைக் கீறி மிளகாய்த்தூளும் உப்பும் தடவி இரும்புக் கல்லில் போட்டால், வஞ்சிரத் துண்டில் கிடைக்காத நெய்ப்பதம் கிடைக்கும். சூரையின் சிவந்த சதை புட்டுக்கு மிக நன்றாக உதிரும். வாளை, ஷீலா, சுதும்பு, பன்னா, நாக்கு மீன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எப்படிச் சமைப்பது என்று தெரியாவிட்டால் விற்கிறவரையே கேளுங்கள். அவர்கள் வீட்டில் அன்று கொதிப்பதும் இந்த மீன்தான். அளவோடு சேர்த்துச் சொல்லித் தருவார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கானாங்கத்தை, சூரை, மத்தி போன்ற கருஞ்சதை மீன்களை வாங்கியவுடன் ஐஸில் வையுங்கள். காரில் வைத்துவிட்டுக் காலை டிபனுக்குப் போகாதீர்கள். வெப்பத்தில் இவற்றின் சதையில் உடம்புக்கு ஒவ்வாத ஹிஸ்டமின் சேரும். சேர்ந்துவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. மூடியுள்ள தூக்கோ எவர்சில்வர் சம்படமோ கொண்டுவந்தால் ஐஸோடு போட்டுத் தருவார்கள். 2019 ஜனவரியிலிருந்து தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் பையை அவர்களிடம் கேட்டு வாங்கும் நிலையும் இருக்காது.

2018-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கேரளத்தில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற சோதனையில் ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. அடுத்த சில வாரங்களில் சென்னைச் சந்தைகளில் எடுத்த மாதிரிகளிலும் ஃபார்மலின் இருந்ததாகச் செய்தி வந்தது. நகரம் மொத்தமாக மீனை ஒதுக்கியது. பயந்தது நியாயம். ஆனால் ஃபார்மலின் யாருக்குத் தேவை என்று யோசித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டிய, நாள் கணக்கில் கெடாதது போலக் காட்ட வேண்டிய மீனுக்குத்தான் அது தேவை. காலையில் பிடித்துக் காலையிலேயே விற்றுத் தீர்க்கிற மீனுக்கு அது எதற்கு? அந்த நாட்களில் கரையில் விற்கிற பெண்களின் கூடைகளும் விற்காமலே வீடு திரும்பின. 2004 சுனாமிக்குப் பிறகும் இதே நடந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் இதே நடந்தது. தவறு செய்தவர் ஒருவர், வியாபாரம் இழப்பவர் இன்னொருவர். மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருந்திருந்தால், எந்த மீனை ஒதுக்க வேண்டும், எதை வாங்கலாம் என்று பிரித்துப் பார்த்திருப்போம்.

காய்கறிக்கு அந்தப் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். விளைவித்தவரே நேரில் விற்கலாம், இடைத்தரகர் வேண்டாம் என்ற அந்த ஏற்பாடு தமிழகத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. இப்போது இயற்கை விளைபொருள் சந்தைகளில் எந்த ஊர்க் கத்திரிக்காய், என்ன உரம் போட்டீர்கள் என்று நின்று கேட்கிறோம். அங்கே சொன்ன விலையைக் கொடுக்கிறோம். மீனவர்களுக்கு அப்படியொரு சந்தையை நகரத்துக்குள் நெடுங்காலம் யாரும் அமைத்துத் தரவில்லை. கணவனோ மகனோ பிடித்துவர, மனைவியோ தாயோ அதைத் தன் கையால் விற்கிற சந்தையைக் குப்பத்துப் பெண்கள் கரையிலேயே தாங்களாக நடத்திவந்தார்கள்.

அந்தச் சந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். குப்பத்து மக்கள் படகு நிறுத்திய, வலை காயப்போட்ட இடத்தின் நடுவே லூப் சாலை போனது. பிறகு அந்தச் சாலையில் கடைகள் இடைஞ்சல் என்ற பேச்சு வந்தது. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி லூப் சாலைக் கடைகளை அகற்ற, மீனவர்கள் படகுகளைச் சாலைக்கு இழுத்துவந்து மறித்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை வந்தது, தண்ணீர் வந்தது, மீன் வெட்டத் தனி இடம் வந்தது. நல்லதுதான். ஆனால் சாலையோரத்தில் கார் கண்ணாடியை இறக்கி வாங்கிப் பழகியவர்கள் உள்ளே நடந்து வந்தால்தான் பின்வரிசைக் கடைக்கும் வியாபாரம் நடக்கும். முன்வரிசையோடு திரும்பிவிடாதீர்கள்.

பேரம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏலத்தில் மீன் எடுக்கும் பெண்களில் பலர் அதற்கான பணத்தைக் கடனாக வாங்கி, அன்று மாலையே வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறவர்கள். வெயில் ஏற ஏற அவர்கள் கையில் இருக்கும் சரக்கின் விலை இறங்கிக்கொண்டே போகும். பத்து மணிக்கு மேல் வந்து, "எப்படியும் தூக்கித்தானே போடப்போறே, பாதி விலைக்குக் குடு" என்று ஒரு கனவான் அடித்துப் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் மீனின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கூறுக்கு இன்னும் இரண்டு மீன் போடச் சொல்லிக் கேளுங்கள், அதில் தவறில்லை, அது சந்தையின் பழக்கம். ஆனால் அவர்கள் நெருக்கடியைக் காட்டி விலையைப் பாதியாக்காதீர்கள். மீன் வெட்டித் தருகிறவர்களிடமும் வெட்டுக்கூலியைப் பேரம் பேசாதீர்கள். ஒரு கிலோ நெத்திலியை ஆய்ந்து தருவது முக்கால் மணி நேரத்து வேலை.

உங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். தெருவில் கூடையோடு வந்து, "மீனேய்" என்று கூப்பிட்ட பெண்களை இன்று உங்கள் வாயில் காவலர் உள்ளே விடுவதில்லை. வாடை என்பது காரணம். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டி ஒருவரை நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டதைப் பார்த்து நாம் எல்லோரும் கொதித்தோம். முதலமைச்சர் கண்டித்தார், பேருந்து ஊழியர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். நம் குடியிருப்பு வாசலில் நடப்பது அதிலிருந்து எந்த விதத்தில் வேறு? உணவு கொண்டுவரும் செயலிப் பையன்களை நாள் முழுவதும் உள்ளே விடுகிறோம். அவர்கள் கொண்டுவரும் டப்பாக்களில் மீன் வறுவலும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு காலை, ஒரு மணி நேரம், குழாய் இருக்கும் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். கழுவிவிட்டுப் போவார்கள். கரைக்கு வர முடியாத முதியவர்கள் உங்கள் கட்டடத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நல்ல மீன் கிடைக்கும்.

கடலுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தீர்கள். ஆமைகள் கரையை நெருங்கும் பருவத்தில், கரைக்கு மிக அருகே இழுவை மடி போடுவது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. மூச்சு விட மேலே வர முடியாமல் வலைக்குள்ளேயே அவை இறக்கின்றன. கரையோரக் கடலைச் சிறு படகுகளுக்கென்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தச் சிறு படகுகளின் மீனுக்கு நியாயமான விலை கிடைத்தால்தான் அந்தத் தொழில் அடுத்த தலைமுறைக்கு நிற்கும். குப்பத்துப் பிள்ளைகள் பலர் இப்போதே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

நம் பக்கத்துக் கடலில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மொத்தம் 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது காசிமேடு வெறிச்சோடும், வஞ்சிரம் விலை ஏறும், "சீசன் இல்லை" என்று நீங்களும் கரைப் பக்கம் வருவதை நிறுத்திவிடுவீர்கள். ஆனால் அந்தத் தடை நாட்டுப் படகுகளுக்கும் ஃபைபர் போட்டுகளுக்கும் கிடையாது. அவை அந்த 61 நாளும் கடலுக்குப் போகின்றன, நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்திலும் ஊரூர் குப்பத்திலும் காலையில் மீன் இறங்குகிறது. வருடத்தில் வேறு எந்த மாதத்தையும்விட, கரையில் இருப்பது அன்றைய மீன்தான் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய காலம் அது. அடுத்த தடைக்காலத்தில் நிறுத்தாமல் வாருங்கள். ஏழு மணிக்குள் வந்தால் கூறு பெரிதாகக் கிடைக்கும்.

அன்புடன்,
உங்களைப் போலவே கரையில் மீன் வாங்கும் ஒருவர்